வீட்டுக்குள் சிப்பிக் காளான் கூடாரம்: ஈரப்பதத்தை அளத்தலும் ஆளுதலும்

சிப்பிக் காளான் வளர்ப்பில் வைக்கோலை ஊறவைத்து வேகவைப்பதும், வித்து இட்டுப் படுக்கை கட்டுவதும் ஓரிரு நாளில் முடிந்துவிடும் வேலைகள். அதன் பிறகு கடைசி அறுவடை வரையிலான ஒன்றரை மாதத்தில் வளர்ப்போரின் அன்றாடக் கவனத்தைக் கேட்பது கூடாரத்துக் காற்றின் ஈரப்பதமே. தென்னங்கீற்று வேய்ந்து மணல் பரப்பிய குடிலில் கூரையும் தரையும் நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடுவதால், இந்த வேலையில் பாதியை அவையே பார்த்துக்கொள்கின்றன. அடுக்குமாடி வீட்டின் உபரி அறையில் பாலித்தீன் தாளால் அமைக்கப்படும் நான்கடிச் சதுரக் கூடாரத்துக்கு அந்த வசதி இல்லை. தாள் நீரை உறிஞ்சாது என்பதால் ஈரப்பதம் அரை மணி நேரத்தில் ஏறி, அடுத்த அரை மணி நேரத்தில் இறங்கிவிடும். குடிலுக்கென்று சொல்லப்பட்ட தெளிப்பு அட்டவணையை அப்படியே கூடாரத்துக்குக் கொண்டுவருவோரின் படுக்கைகள் ஒன்று காய்வதும், அல்லது, இதுவே மிகுதி, அழுகுவதும் இதனால்தான்.

தேவையான அளவு கோட்பாடு

குறிப்பிட்ட வெப்பநிலையில் காற்று அதிகபட்சம் எவ்வளவு நீராவியைத் தாங்குமோ, அதில் எத்தனை விழுக்காடு இப்போது இருக்கிறது என்பதைக் குறிப்பது ஒப்பு ஈரப்பதம். ஒரு கன மீட்டர் காற்று 25 டிகிரி செல்சியசில் ஏறக்குறைய 23 கிராம் நீராவியையும், 30 டிகிரியில் 30 கிராமையும் தாங்கும். ஆகவே நீர் கூடாமலும் குறையாமலும் இருக்க, காற்று சூடானாலே ஒப்பு ஈரப்பதம் இறங்கும், குளிர்ந்தாலே ஏறும்.

இந்த இயலில் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படும் கூடாரம் 1.2 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம் உடையது. அதன் கொள்ளளவு ஏறத்தாழ 2.9 கன மீட்டர். 25 டிகிரியில் இதன் காற்றை 60 விழுக்காட்டிலிருந்து 85 விழுக்காட்டுக்கு உயர்த்தத் தேவைப்படும் நீர் வெறும் 17 கிராம், அதாவது ஒரு மேசைக்கரண்டிதான். அப்படியிருக்க வாளி வாளியாக நீர் செலவாவதேன் என்றால், காளான் மூச்சுவிடும் உயிர் என்பதால் அது வெளியிடும் கரியமில வாயுவை அகற்றக் கூடாரத்துக் காற்றை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது, மாற்றும் ஒவ்வொரு முறையும் ஈரக் காற்று வெளியேறி அறையின் உலர் காற்று உள்ளே வருகிறது. மணிக்கு நான்கு முறை காற்று மாறினால் மணிக்குச் சுமார் 66 கிராம், ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்குச் சற்றே மேல் நீர் ஆவியாக வேண்டும். மாசி, பங்குனி மாதங்களில் சேலம், வேலூர் போன்ற உள்மாவட்டங்களில் பிற்பகல் ஈரப்பதம் 40 விழுக்காட்டுக்கு இறங்கும்போது இந்தத் தேவை ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சென்னையின் வெளிக்காற்றே 85 விழுக்காட்டைத் தாண்டிவிடும் நாள்களில் சொட்டு நீரும் தேவைப்படாது. எத்தனை வேளை தெளிப்பது என்ற கேள்விக்கு எல்லா ஊருக்கும் எல்லா மாதத்துக்கும் பொருந்தும் விடை கிடையாது. அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பருவத்துக்கேற்ற இலக்கு

வித்து பரவும் முதல் 15 முதல் 20 நாள்களில் பூசண இழைக்குத் தேவையான நீர் படுக்கைப் பைக்குள் இருக்கும் வைக்கோலிலேயே இருப்பதால், வெளியே 60 முதல் 70 விழுக்காடு போதும், நீர் தெளிக்கக் கூடாது. இந்தப் பருவத்தில் மிகை ஈரம் ட்ரைக்கோடெர்மா என்னும் பச்சைப் பூசணத்துக்கே உதவும்.

பை முழுவதும் வெண்மை படர்ந்த பின் பையின் தாளைக் கிழித்ததும் நிலைமை மாறுகிறது. குண்டூசித் தலை போன்ற மொட்டுகள் தோன்றும் மூன்று, நான்கு நாள்களுக்கு 85 முதல் 90 விழுக்காடும், மொட்டு விரிந்து குடையாகும் நாள்களில் 80 முதல் 85 விழுக்காடும் வேண்டும். முதல் அறுவடைக்குப் பின் படுக்கையின் மேற்பரப்பை ஓரிரு சென்டிமீட்டர் சுரண்டிவிட்டு அடுத்த மொட்டு வரக் காத்திருக்கும் ஒரு வாரத்துக்கு 80 விழுக்காடு போதுமானது.

கூடாரம் கட்டும்போதே செய்ய வேண்டியவை

1. படுக்கையறையைத் தவிர்த்து, மேற்கு வெயில் படாத சுவர் உள்ள, சன்னல் கொண்ட அறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சுவருக்கும் கூடாரத்துக்கும் அரையடி இடைவெளி இல்லையென்றால், சில வாரங்களில் சுண்ணாம்புப் பூச்சில் கரும்பூசணம் ஏறும்.

2. பிவிசி குழாய்ச் சட்டத்தின் மேல் தாளைப் போர்த்தும்போது உச்சியைத் தட்டையாக விடாமல் ஒருபுறம் சாய்வாக இழுத்துக் கட்ட வேண்டும். தட்டையான உச்சியில் திரளும் நீர் நடுவில் தொய்ந்து, நேரே படுக்கைகளின் மேல் சொட்டும். சாய்வானதில் அது பக்கச் சுவர் வழியே வழிந்து தரைக்குப் போகும்.

3. தரையில் தார்ப்பாய் விரித்து, ஓரங்களை நான்கு விரற்கடை உயரத்துக்கு மடித்து, அதற்குள் 5 சென்டிமீட்டர் கனத்துக்குக் கழுவிய ஆற்று மணலைப் பரப்ப வேண்டும். கூடாரத்தின் நீர்ச் சேமிப்பு இதுதான்.

4. ஒரு பக்கத்தில் கீழே காற்று நுழையும் துளையும், எதிர்ப்பக்கத்தில் மேலே 12 வோல்ட்டில் ஓடும் 12 சென்டிமீட்டர் விசிறியும் அமைத்து, இரண்டுக்கும் காளான் ஈ புகாத நுண்வலை கட்ட வேண்டும்.

5. காற்று நுழையும் துளைக்கு உட்புறம், ஒரு சாண் தள்ளி, துவைத்த சணல் சாக்கைத் திரையாகத் தொங்கவிட வேண்டும். உள்ளே வரும் காற்று ஈரச் சாக்கில் பட்டே வருமாறு செய்வதால், காற்றோட்டமும் ஈரமூட்டலும் ஒரே வேலையாகின்றன.

6. நான்கு உறிகளில் உறிக்கு மூன்றாக 12 படுக்கைகளுக்கு மேல் தொங்கவிடக் கூடாது. இடம் இருக்கிறதே என்று 20 படுக்கைகளைத் திணித்தால் நடுப்படுக்கைகளைச் சுற்றிக் காற்று நகராது. அங்கே ஈரப்பதம் எப்போதும் கருவி காட்டுவதைவிட மிகுதியாகவே இருக்கும்.

கருவியைச் சோதித்த பிறகே நம்ப வேண்டும்

சந்தையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் எண்முறை ஈரப்பதமானிகள் ஐந்து விழுக்காடு கூடவோ குறைவாகவோ காட்டுவது இயல்பு. 80-க்கும் 90-க்கும் இடையிலேயே எல்லாம் நடக்கும் காளான் கூடாரத்தில் இந்தப் பிழை சிறியதன்று. சமையலறை உப்பைக் கொண்டே இதைக் கண்டறியலாம்: நீரில் முழுதும் கரையாமல் ஈரமாக இருக்கும் உப்பு, மூடிய இடத்திலுள்ள காற்றை 25 டிகிரியளவில் 75 விழுக்காட்டில் நிறுத்திவிடும்.

1. தண்ணீர்ப் புட்டியின் மூடியில் பாதிக்குத் தூள் உப்பை இட்டு, ஈர மணல் போலக் குழையும்வரை சொட்டுச் சொட்டாக நீர் விட வேண்டும். உப்பு கரைந்து நீராக நின்றால் சோதனை பயன்படாது. கல்லுப்பில் கலந்திருக்கும் பிற உப்புகள் அளவைக் கீழே இழுக்கும் என்பதால் தூள் உப்பே ஏற்றது.

2. மூடியையும் ஈரப்பதமானியையும் ஒன்றோடொன்று தொடாதபடி காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டியில் வைத்து மூடி, வெயிலும் விசிறிக் காற்றும் படாத இடத்தில் எட்டு மணி நேரமாவது விட வேண்டும்.

3. திறக்காமலே வெளியிலிருந்து அளவைப் படிக்க வேண்டும். 79 என்று காட்டினால் அந்தக் கருவி 4 மிகையாகக் காட்டுகிறது. ‘4 கழிக்கவும்’ என்று ஒட்டுத்தாளில் எழுதிக் கருவியின் முதுகில் ஒட்டிவிட வேண்டும். ஈரத்திலேயே கிடக்கும் உணரி நாளடைவில் பிறழும் என்பதால், மாதம் ஒருமுறை இதைத் திரும்பச் செய்வது நல்லது.

மின்கலம் தீர்ந்தோ உணரி பழுதாகியோ போனால் இரண்டு வெப்பமானிகள் போதும். ஒரே அளவு காட்டும் இரண்டில் ஒன்றன் குமிழில் ஈரப் பஞ்சுத் திரியைச் சுற்றி, இரண்டின் மேலும் விசிறிக் காற்று படும்படி ஐந்து நிமிடம் வைத்தால், திரி சுற்றியது ஆவியாதலால் குளிர்ந்து குறைவாகக் காட்டும். உலர்ந்தது 28 டிகிரி காட்டும்போது வேறுபாடு 1 டிகிரியானால் ஈரப்பதம் ஏறக்குறைய 93 விழுக்காடு. 2 டிகிரியானால் 85. 3 டிகிரியானால் 78. 4 டிகிரியானால் 72. 5 டிகிரியானால் 65. ஆகவே வேறுபாடு இரண்டு டிகிரியை ஒட்டி நிற்குமாறு பார்த்துக்கொண்டால் போதும். உணவு விளையும் இடம் என்பதால், பாதரச வெப்பமானியை விடுத்துச் சிவப்புச் சாராய வெப்பமானியையே பயன்படுத்த வேண்டும்.

குறிப்பு: கருவியை நடு உறியின் நடுப்படுக்கை உயரத்தில், பனிப்புகையும் சாக்கின் ஈரமும் நேரே படாத இடத்தில் தொங்கவிட வேண்டும். ஈர மணலுக்கு அருகில் வைத்தால் 90 காட்டும் அதே நேரத்தில் மேல் படுக்கை 70-இல் காய்ந்துகொண்டிருக்கக்கூடும்.

ஈரப்பதத்தைக் கூட்டும் வரிசை

கூட்டும் வழிகளில் மெதுவானதை முதலிலும் வேகமானதைக் கடைசியிலும் கையாள வேண்டும். வேகமான வழியில் தொடங்குவோர் இலக்கைத் தாண்டிவிட்டுப் பிறகு இறக்க வழி தேடுவர்.

1. காலையில் அறுவடை இருந்தால் அதை முதலில் முடிக்க வேண்டும். நனைந்த காளான் கையில் பிசுபிசுக்கும், சீக்கிரம் கெடும்.

2. மணலையும் சாக்கையும் நனைக்க வேண்டும். மணலைக் கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் கசியக் கூடாது. நீர் தேங்கிய மணல் ஈக்களின் தொட்டில்.

3. அரை மணி நேரம் விசிறியை இயல்பாக ஓடவிட்டு, அளவைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான ஊர்களில் பெரும்பாலான மாதங்களில் வேலை இத்துடன் முடிந்துவிடும்.

4. இன்னும் குறைவாக இருந்தால் கைத்தெளிப்பானின் முனையை மிக நுண்ணிய புகைக்குத் திருகி, படுக்கைகளை நோக்கியன்றிச் சுவர்த்தாளையும் கூடாரத்தின் வெற்றிடத்தையும் நோக்கித் தெளிக்க வேண்டும். மொட்டின் மேல் நேரே விழும் நீர்த்துளி அதன் நுனியில் தங்கி, அதை மஞ்சளாக்கிக் கருக்கிவிடும்.

5. கோடையில் இதுவும் போதாத நிலையில் மட்டும், மீயொலி அதிர்வால் நீரைப் பனிப்புகையாக மாற்றும் ஈரமூட்டியை நாடலாம். கருவியைக் கூடாரத்துக்கு வெளியே வைத்து, புகையைக் குழாய் வழியே மேற்பகுதியில் விட வேண்டும். குழாய் முழுவதும் கருவியை நோக்கிச் சரிவாக இருந்தால்தான் உள்ளே திரளும் நீர் தொட்டிக்கே திரும்பும், இடையில் தொய்ந்தால் அங்கே நீர் நின்று புகையை அடைத்துவிடும்.

ஈரமூட்டியைத் தானியங்கிக் கட்டுப்படுத்தியுடன் இணைப்போர் 80-இல் ஓடத் தொடங்கி 87-இல் நிற்குமாறு அமைக்கலாம். 84-இல் ஓடி 85-இல் நிற்குமாறு நெருக்கமாக அமைத்தால் கருவி நிமிடத்துக்கு நிமிடம் ஓடி நின்று விரைவில் பழுதாகும். ஆழ்துளைக் கிணற்று உப்புநீரை ஊற்றினால் நீரிலுள்ள உப்பும் புகையோடு சேர்ந்து எழுந்து, காளான்மேலும் அறைக்குள்ளும் வெண்தூளாகப் படியும், ஆகவே மழைநீரோ ஆர்.ஓ. கருவியில் வடிகட்டிய நீரோ வேண்டும். அந்தக் கருவி கழித்துவிடும் நீரில் உப்பு இன்னும் செறிந்திருப்பதால் அது இங்கே உதவாது.

ஈரப்பதத்தைக் குறைக்கும் வழி

கூட்டுவதைவிடக் குறைப்பது கடினம். மழைக்காலத்தில் மணலுக்கு நீர் விடுவதை நிறுத்தி, சாக்கை அகற்றி, விசிறியை இடைவிடாமல் ஓடவிடுவதே முதல் படி. வெளிக்காற்றே 90 விழுக்காடாக இருக்கும்போது அளவு இறங்காதுதான். ஆயினும் நகரும் காற்றில் குடையின் மேல் நீர் தங்காது, நோய் வருவது அளவால் மட்டுமன்றித் தங்கும் நீராலும் என்பதால் இதுவே பெரிய ஆதாயம். தெளித்த நீர் குடையின் மேல் இரண்டு, மூன்று மணி நேரத்துக்குப் பிறகும் பளபளத்தால், எண் எதுவாக இருந்தாலும் அந்தக் கூடாரம் மிகை ஈரத்தில் இருப்பதாகவே கொள்ள வேண்டும்.

அறையின் வெப்பத்தைச் சிறிது கூட்டுவதும் உதவும். 26 டிகிரியில் 95 விழுக்காடாக இருக்கும் காற்று 28 டிகிரிக்குச் சூடானால் 85 விழுக்காட்டுக்கு வந்துவிடும். ஆனால் 28 டிகிரிக்கு மேல் பெரும்பாலான சிப்பி இரகங்கள் விளைச்சலில் குறையும் என்பதால் இதற்கு ஓர் எல்லை உண்டு. கூடாரத்துக்குள் குமிழ் விளக்கை எரியவிட்டுச் சூடேற்றுவதை எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது. தாள் உருகும், தீயும் பற்றும்.

இரவில் நிகழும் இன்னொரு தொல்லை பலருக்குப் புரியாமலே போகிறது. 28 டிகிரி, 85 விழுக்காடு உள்ள கூடாரக் காற்று 25 டிகிரியளவுள்ள ஒரு பரப்பைத் தொட்டாலே நீராகத் திரளும். பக்கத்து அறையில் குளிர்சாதனம் ஓடினால் பொதுச்சுவரை ஒட்டிய தாள் அந்த அளவுக்குக் குளிர்ந்து, விடிவதற்குள் அந்தப் பக்கத்துப் படுக்கைகள் மட்டும் நனைந்துவிடும். அந்தச் சுவருக்கும் தாளுக்கும் இடையே ஓர் அங்குலத் தெர்மோகோல் பலகையை நிறுத்தினால் தீரும்.

காளானே காட்டும் அறிகுறிகள்

- குடையின் விளிம்பு வெடித்தும் மொட்டு மஞ்சளாகிச் சுருங்கியும் இருந்தால் காற்று உலர்ந்திருக்கிறது.
- குடையில் மஞ்சள் அல்லது பழுப்புத் திட்டுகள் வழவழப்பாகத் தோன்றினால் மிகை ஈரத்தில் பரவும் பாக்டீரியப் புள்ளிநோய். அந்தக் கொத்தை அகற்றி, ஒரு நாள் நீரை முற்றும் நிறுத்த வேண்டும்.
- தண்டு நீண்டு குடை சிறுத்திருந்தால் அது ஈரப்பதக் குறை அன்று, கரியமில வாயு தேங்கியதன் விளைவு. ஈரம் போய்விடும் என்று காற்றுத் துளையை அடைப்போர் கூடாரத்தில் இதுதான் முதலில் தோன்றும். நீரைக் கூட்டாமல் விசிறி ஓடும் நேரத்தைக் கூட்ட வேண்டும்.

கத்திரி வெயிலில் எல்லா வழிகளையும் கையாண்டும் 32 டிகிரிக்குக் கீழே இறங்காத அறையில் சிப்பிக் காளானோடு மல்லுக்கட்டுவதில் பொருளில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் வெளியிட்ட ஏ.பி.கே. 2 என்னும் பால் காளான் இரகம் 30 முதல் 35 டிகிரியில் நன்கு விளைவது. அதற்கும் 80 விழுக்காட்டுக்கு மேல் ஈரப்பதம் தேவை என்பதால் இதே கூடாரம் அப்படியே பயன்படும்.

பாதுகாப்பு

1. விசிறிக்கான மின்மாற்றியும் மின்பலகையும் கூடாரத்துக்கு வெளியே, தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் இருக்க வேண்டும். உள்ளே செல்வது 12 வோல்ட் கம்பி மட்டுமே. 230 வோல்ட் மேசை விசிறியைக் கூடாரத்துக்குள் வைப்பது உயிருக்கு ஆபத்து. அந்த மின்இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. பொருத்தப்பட்டிருக்கிறதா என்று மின்பணியாளரிடம் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

2. முதிர்ந்த சிப்பிக் காளான் வெளியிடும் வித்துத்துகள்கள் மிகப் பல; தொடர்ந்து சுவாசிப்போருக்கு இருமல், காய்ச்சல், மூச்சிரைப்பு ஆகியவற்றோடு நுரையீரல் ஒவ்வாமை உண்டாகலாம். குடையின் விளிம்பு மேல்நோக்கி விரிவதற்கு முன்பே அறுவடை செய்வதும், உள்ளே கைவைக்கும்போதெல்லாம் என்95 முகக்கவசம் அணிவதும், விசிறியின் காற்றைக் குழாய் மூலம் சன்னலுக்கு வெளியே விடுவதும் கட்டாயம். ஆஸ்துமா உள்ளோர் வாழும் வீட்டில் கூடாரத்தை வீட்டுக்குள் அமைக்காதிருப்பதே சரி.

3. மின்வெட்டு நீடித்து விசிறி நின்றுவிட்டால், வாயில் தாளை ஒரு சாண் அளவுக்குத் திறந்து வைக்க வேண்டும். ஈரம் குறைந்தால் சாக்கை நனைத்து ஈடுசெய்யலாம்; காற்றில்லாமல் அடைபட்டுக் கிடந்த மொட்டுகளுக்கு மாற்று இல்லை.

4. ஈரமூட்டியின் தொட்டியை மூன்று நாளுக்கு ஒருமுறை காலி செய்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவிக் காயவைக்க வேண்டும். வழவழப்பு படர்ந்த தொட்டி அங்கு வளரும் நுண்ணுயிரிகளை அப்படியே காற்றில் ஏற்றிவிடும்.

5. படுக்கைகளை அகற்றியபின் தாளையும் சட்டத்தையும் பிளீச்சிங் பவுடர் கரைசலால் துடைத்து, மணலை வெயிலில் உலர்த்த வேண்டும். ஈரமூட்டியில் படிந்த உப்பைக் கரைக்க வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ பயன்படுத்துவோர் அந்த வேலையை வேறொரு நாளுக்கு ஒதுக்கி, கருவியை நன்றாக அலசிவிட வேண்டும். புளிப்பும் பிளீச்சிங் பவுடரும் ஒரே வாளியில் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், சன்னல் மூடிய சிறு அறையில் அது மூச்சை அடைத்துவிடும்.